கோவிலுக்கு வெளியே ஆறு நாள்

1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஆவணம், அதன் 43ஆம் எண்ணில் கிறிஸ்தவர்களை நேராகவே கண்டிக்கிறது. வாயால் அறிக்கையிடும் விசுவாசம் ஒன்று, அன்றாடம் வாழும் வாழ்க்கை இன்னொன்று என்று பலர் நடத்தும் இரட்டை வாழ்வை நம் காலத்தின் பெரும் பிழைகளில் ஒன்றாக எண்ண வேண்டும் என்கிறது. கடவுளை மறுப்பவர்களைப் பற்றிய பேச்சு அல்ல இது. பூசைக்கு ஒழுங்காக வருகிறவர்களைப் பற்றியது. அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களாகிய நாம் அந்த வரிகளை நம்மைப் பற்றியவை என்று எப்போதாவது வாசித்திருக்கிறோமா?

நம்மிடம் பக்திக்குக் குறைவில்லை. ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறுவதற்குப் பல நாள் முன்பே காவி உடுத்தி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உவரிக்கும் புளியம்பட்டிக்கும் அந்தோணியாரைத் தேடி வருகிற கூட்டம் ஆண்டு முழுக்க ஓய்வதில்லை. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதைக்கு இடம் போதாத கோவில்கள் உண்டு. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பல ஊர்கள் இன்றும் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஒரு நாள் வருமானத்தை வாரந்தோறும் விட்டுக்கொடுப்பது சிறிய காரியம் அல்ல. இந்தப் பக்தியைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படித்தவர்கள் ஆயிரம் விளக்கம் சொன்னாலும், நோயுற்ற பிள்ளைக்காகக் கெபியின் முன் முழந்தாளிட்டு அழும் தாயின் செபத்துக்கு மேலான இறையியல் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. செபிக்கக் கற்றுக்கொடுத்த அளவுக்கு, வேலையிலும் பணத்திலும் திருமணத்திலும் சாதியிலும் ஒரு கத்தோலிக்கர் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று நம் பங்குகள் கற்றுக்கொடுக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வி பழையது. நெடுங்காலம் புனித வாழ்வு என்றாலே துறவற மடம் என்றுதான் மக்கள் எண்ணினார்கள். குடும்பஸ்தனுக்குக் கட்டளைகளை மீறாமல் இருந்தால் போதும். அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் ஜெனீவாவின் ஆயராக இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார். 1609இல் அவர் வெளியிட்ட 'பக்தி வாழ்வுக்கு ஓர் அறிமுகம்' என்ற நூல், உலகத்தின் நடுவே வாழ்கிறவர்களுக்காகவே எழுதப்பட்டது. போர்வீரன், கைத்தொழிலாளி, மணமான பெண், வேலைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் பக்தி அவரவர் நிலைக்கும் கடமைக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்றார். துறவியைப் போல நாள் முழுக்கக் கோவிலில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் பக்தி ஒழுங்கற்ற பக்தி என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. 1906இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசிய சபையார் தாங்கியிருப்பது இந்தப் புனிதரின் பெயரைத்தான். அவர்களுடைய பள்ளிகளில் படித்தவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த நூலைப் படித்தவர்கள் குறைவு.

சிறிய செயல்களைப் பேரன்போடு செய்வது என்ற குழந்தை தெரேசாளின் வழி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. நீட்டிப் பேசத் தேவையில்லை. அதிகம் பேசப்படாதவர் பெல்ஜியம் நாட்டு அருள்பணியாளர் ஜோசப் கார்டைன். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, தம்மோடு படித்த நண்பர்கள் ஆலைக்குப் போய் உழைத்துக் களைத்து, கோவிலை அந்நியமாகப் பார்ப்பதை அவர் கண்டார். உழைத்துத் தேய்ந்த தந்தையின் மரணம் அவரை இன்னும் உலுக்கியது. 1925இல் அவர் உருவாக்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் ஒரு முறையைத் தந்தது. முதலில் வேலையிடத்தில் நடப்பதைப் பார், அதை நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்கு, பிறகு செயல்படு. 23ஆம் யோவான் 1961இல் எழுதிய சமூகச் சுற்றுமடல் இந்த முறையை ஏற்றுப் பரிந்துரைத்தது. தொழிலாளி தன் ஆலையில் கண்டதைப் பேசுவதே செபக்கூட்டத்தின் முதல் படி என்று ஆக்கியது கார்டைனின் பெரிய பங்களிப்பு என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அதுவரை ஆலை பேச்சுக்கே வந்ததில்லை.

இவற்றின் விளைச்சல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை. உலகக் காரியங்களில் ஈடுபட்டு, அவற்றைக் கடவுளின் விருப்பப்படி ஒழுங்குபடுத்துவதே பொதுநிலையினரின் தனி அழைப்பு என்று திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு 1964இல் அறிவித்தது. மறு ஆண்டு பொதுநிலையினரின் திருத்தூதுப் பணிக்கென்றே தனி ஆவணம் வந்தது. ஆக, வங்கியில் கடன் மனுவைப் பரிசீலிக்கும் பெண்ணுக்கு அந்த மேசையே திருத்தூதுக் களம். மேஸ்திரிக்குக் கட்டடம், செவிலிக்கு வார்டு.

நம் ஊரில் நடந்தது வேறு. 'நல்ல கத்தோலிக்கர்' என்று யாரைச் சொல்கிறோம்? பங்குப் பேரவை உறுப்பினர், பாடகர் குழுவில் இருப்பவர், திருப்பலியில் வாசகம் வாசிப்பவர், மரியாயின் சேனையில் இருப்பவர், திருவிழாக் கமிட்டியில் ஓடியாடுகிறவர். இவை நல்ல பணிகள். இவை இல்லாமல் பங்கு நடக்காது. ஆனால் இவை கோவில் வளாகத்துக்குள் நடப்பவை. தன் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்குப் பணம் வாங்க மறுத்து, அதனால் மாறுதல் மேல் மாறுதல் பெற்ற ஒருவரைப் பங்கு நாளன்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி நான் பார்த்ததில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில், 102ஆம் எண்ணில், இதே கவலை வருகிறது. பொதுநிலையினர் பலர் திருச்சபைப் பணிகளில் ஈடுபடுவது பெருகியிருக்கிறது. ஆனால் அது சமூக, அரசியல், பொருளாதாரத் துறைகளில் கிறிஸ்தவ மதிப்பீடுகள் ஊடுருவுவதாக மாறவில்லை என்கிறார்.

இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் ஓர் அன்பியக் கூட்டத்துக்குப் போக வேண்டும். முப்பது நாற்பது குடும்பங்கள் ஓர் அன்பியம். மாதம் ஒரு வீடு. பாய் விரித்து, நடுவில் மெழுகுவர்த்தியும் விவிலியமும் வைத்து உட்காருகிறார்கள். பல இடங்களில் தென் ஆப்பிரிக்காவில் உருவான ஏழு படி முறையில்தான் நற்செய்திப் பகிர்வு நடக்கிறது. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை எடுத்துச் சொல்லுதல், அமைதி, பகிர்தல், கேட்ட வார்த்தையின்படி என்ன செய்யப் போகிறோம் என்று கலந்து பேசுதல், செபித்தல். முதல் ஐந்தும் நன்றாகவே நடக்கும். படிக்காத பாட்டிமார் அந்த அமைதிக்குப் பிறகு பேசுவதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். ஆறாம் படி வரும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். 'வர்ற சனிக்கிழமை கோவில் கூட்டிப் பெருக்குறது நம்ம அன்பியம்' என்று யாராவது நினைவுபடுத்துவார். சரி என்பார்கள். ஏழாம் படிக்குப் போய்விடுவார்கள். வேலைக்காரப் பெண்ணுக்குக் கூலி பேசுவது பற்றியோ, தெருவில் மூன்று மாதமாகத் தேங்கும் சாக்கடை பற்றியோ, ஒரு வீட்டில் நடக்கும் குடிப்பழக்கம் பற்றியோ பேச வேண்டிய இடம் அந்த ஆறாம் படிதான். அது அப்படியே கழிந்துவிடுகிறது.

இனி நாள்வாழ்வின் துறைகளுக்கு வருவோம். முதலில் ஞாயிறு. திருப்பலிக்குப் போகும் கடமையைத் திருச்சபைச் சட்டம் 1247ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. சனி மாலைத் திருப்பலியும் அதை நிறைவு செய்யும் என்கிறது அடுத்த பிரிவு. இரவுப் பணி முடிந்து வரும் தகவல் தொழில்நுட்ப ஊழியருக்கும் மருத்துவமனைச் செவிலியருக்கும் இது பெரிய உதவி. கடுமையான காரணம் இருந்தால் கடமை கட்டாயப்படுத்தாது என்பதும் திருச்சபையின் போதனையே. வார்டை விட்டு வர முடியாத செவிலி குற்ற உணர்வோடு உழல வேண்டியதில்லை. இதைப் பங்குத்தந்தையர் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். நாம் மறந்துவிட்ட மறுபக்கம் ஒன்று உண்டு. 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஆண்டவரின் நாளைப் பிறர் கடைப்பிடிக்கத் தடையாகும் தேவையற்ற வேலைகளை அவர்கள்மேல் சுமத்தக் கூடாது என்று 2187ஆம் எண்ணில் கேட்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை உண்டா என்பது, நாம் எத்தனை மணிப் பூசைக்குப் போனோம் என்பதற்குச் சமமான ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி. அந்த அக்கா எந்த மதமாக இருந்தாலும்.

வேலையும் பணமும் பற்றித் திருச்சபையிடம் கருவூலமே இருக்கிறது. 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதியது முதல், இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பு பற்றி எழுதியது வரை எத்தனையோ மடல்கள். நியாயமான கூலி, சங்கம் சேரும் உரிமை, ஓய்வு, மூலதனத்தைவிட உழைப்புக்கு முதலிடம். இவற்றில் எத்தனையை மறையுரையில் கேட்டிருக்கிறோம்? மே 1 அன்று தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவில் ஒரு தடவை கேட்போம். ஆனால் நம்மில் கடை வைத்திருப்பவர், ஒப்பந்தக்காரர், பள்ளித் தாளாளர், தனியார் மருத்துவமனை நிர்வாகி என்று கூலி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர். திருச்சபையின் நிறுவனங்களே பெரிய முதலாளிகள். அவற்றில் வேலை செய்யும் ஆசிரியருக்கும் துப்புரவாளருக்கும் கிடைக்கும் சம்பளம்தான் இந்த மடல்களுக்கு நாம் எழுதும் உண்மையான விளக்கவுரை.

தருமத்தில் நாம் ஓரளவு தேறியவர்கள். 1833இல் பாரீஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தோழர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்று நம் பங்குகள் பலவற்றில் வாரந்தோறும் கூடுகிறது. ஏழையை வரவழைத்துப் பொருள் கொடுக்காமல், இருவராக அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது அவர்களின் முறை. கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. உபயதாரர் பெயரை மின்விசிறி இறக்கையில்கூட எழுதிவைக்கும் நம் கோவில்களில் இந்தப் பை ஒரு நல்ல ஆசிரியர்.

வீட்டைப் பற்றிச் சொல்வதானால், மாலைக் குடும்ப செபமாலை தேய்ந்துவருகிறது என்ற புலம்பல் எல்லாப் பங்குகளிலும் உண்டு. தொலைக்காட்சித் தொடரும் கைபேசியும் பழியைச் சுமக்கின்றன. டியூஷன், இரவுப் பணி, இரண்டு பேரும் வேலைக்குப் போகும் அவசரம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐம்பத்து மூன்று மணி சொல்ல முடியாத வீட்டில் பத்து மணி சொல்வது தோல்வி அல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் புனித வாழ்வு பற்றி எழுதிய மடலில் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். சந்தையில் அண்டை வீட்டாரோடு பேசும்போது புறணி தொடங்குகிறது. அவள் அதில் கலப்பதில்லை. வீட்டில் பிள்ளை பேச வருகிறது. களைத்திருந்தாலும் உட்கார்ந்து கேட்கிறாள். மனம் கலங்கும்போது செபமாலையை எடுக்கிறாள். தெருவில் ஓர் ஏழையைக் கண்டு நின்று அன்பாக ஒரு வார்த்தை சொல்கிறாள். இப்படிச் சின்னச் சின்ன அசைவுகளால் புனிதம் வளர்கிறது என்கிறார். அந்த நான்கில் ஒன்றுதான் செபம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணவனோ மனைவியோ வேறு சமயத்தவராக இருக்கும் வீடுகள் இன்று பல. திருமணத்துக்கு முன் கத்தோலிக்கத் தரப்பினர், தம் விசுவாசத்தைக் காப்பதாகவும் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் ஆனதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். கையெழுத்து வாங்கியதோடு பங்கின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மாமியார் நீட்டும் பிரசாதத்தை வாங்கலாமா, தாத்தாவின் திதியில் நிற்கலாமா, குழந்தைக்கு எந்தப் பெயர் வைப்பது என்ற கேள்விகளோடு அப்படி மணமாகிப் போன இளம்பெண் தனியே நிற்கிறாள். அவளைச் சந்திக்கப் போகிற மூத்த தம்பதிகள் ஒவ்வொரு பங்கிலும் தேவை. சட்டப் பிரிவுகளைவிட அவளுக்கு அவர்கள்தான் துணை.

சாதிக்கு வருவோம். இங்கேதான் தமிழ்க் கத்தோலிக்கரின் அன்றாட விசுவாசம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. இங்கேதான் மிக அதிகமாகத் தோற்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1745இல் நட்டாலம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர், குடும்பத் தலைவர். சாதி வேறுபாடின்றி மனிதர் யாவரும் சமம் என்று வலியுறுத்தியது மேல்தட்டினரின் வெறுப்பைத் தூண்டியது என்று அவரைப் பற்றிய வத்திக்கான் குறிப்பே சொல்கிறது. 1749இல் கைதானார்; 1752 ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதராக அறிவிக்கப்பட்டார். பத்தாண்டு முன்பு அருளாளர் பட்டம் பெற்றபோது பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம், புனிதர் பட்டத்தில் இல்லை.

அதே வடக்கன்குளத்தில்தான் 1870களில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்களாகப் பிரிந்த கோவில் எழுந்தது. ஒரு சாதிக்கு ஒரு கூடம், நடுவே சுவர். கால்சட்டை போல இருந்ததால் கால்சட்டைக் கோவில் என்றார்கள். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறு என்று தொடரப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்த வரலாற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். புனிதர் திருமுழுக்குப் பெற்ற ஊரின் மக்கள், அவரைக் கொண்டாடிக்கொண்டே சுவரின் இருபுறமும் நின்று ஒரே அப்பத்தை உண்டார்கள்.

சுவர் போனது, மனச்சுவர் போகவில்லை. கல்லறையில் தனித்தனி இடம், தேர் எந்தத் தெருவுக்குள் வரும் என்ற சண்டை, திருவிழா வரியை யாரிடம் வாங்குவது என்ற தகராறு இன்னும் பல ஊர்களில் தீரவில்லை. அன்பியமும் தெரு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. தெருவே சாதி வாரியாக இருக்கும் ஊரில் அன்பியமும் சாதிக் கூட்டமாகவே முடிகிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் 'ஆர்.சி.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் சாதிப் பெயர் கூச்சமின்றி உட்கார்ந்திருக்கிறது. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதியின் சாயல் படிந்த எதுவும் திருச்சபையின் பணிக்குப் பெரும் தடை என்று கண்டிப்பாகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. நாட்டின் ஏறத்தாழ 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் பதிவு செய்தது. பெரும்பான்மையினரை ஒதுக்கி வைத்துவிட்டு விசுவாச வாழ்வு பற்றிப் பேசுவதற்கு நமக்கு என்ன அருகதை இருக்கிறது?

அந்தப் பெரும்பான்மையினருக்கு விசுவாசம் ஒரு சான்றிதழ்ப் பிரச்சினையும்கூட. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சேரியில் இந்துவும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்த வீட்டில் ஒரே இழிவைச் சந்திக்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் மட்டும் வேறுபடுகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், திருமுழுக்குப் பெற்றுக் கோவிலுக்குச் சென்றுவரும் ஒரு பெண், வேலைக்காக இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை மறுத்துத் தீர்ப்பளித்தது. சட்டம் எப்படியும் இருக்கட்டும். ஒரு தலித் குடும்பம் பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தை நிரப்பும்போது கொடுக்கும் விலை, நாம் எந்தத் தவக்காலத்திலும் செய்யாத ஒறுத்தல். அதைத் தெரிந்துகொண்டே கிறிஸ்தவர் என்று எழுதுகிறவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். எழுதாமல் விடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கைபேசி பற்றிச் சிலவே சொல்ல வேண்டும். 15 வயதில் 2006இல் இறந்து 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரான கார்லோ அகுத்திஸ், நற்கருணைப் புதுமைகளை இணையதளத்தில் தொகுத்தவர். நம் இளைஞர் கூட்டங்களில் அவர் படம் இல்லாத இடமில்லை. ஆனால் 'பத்துப் பேருக்கு அனுப்பினால் புதுமை நடக்கும்' என்று மாதா படத்தோடு வரும் செய்தி விசுவாசம் அல்ல; பிற மதத்தாரைப் பற்றிய பொய்யை அனுப்புவது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

பொது வாழ்வில் ஒரு பெரிய நிகழ்வை நம் காலத்தில் கண்டோம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011இல் இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன் பந்தலில் மீனவக் குடும்பங்கள் உட்கார்ந்தன. கோவிலில் அரசியலா என்று கத்தோலிக்கரிலேயே பலர் முகம் சுளித்தார்கள். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நல்ல கிறிஸ்தவர்கள் இருவேறு கருத்துக் கொள்ளலாம். ஆனால் தங்கள் கடலையும் பிள்ளைகளின் உடல்நலத்தையும் பற்றிய அச்சத்தைக் கடவுள் முன் கொண்டுவந்து, அங்கிருந்தே அரசிடம் பேசிய அந்தக் குடும்பங்களின் பெண்கள் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. நான்கு ஆண்டு கழித்து வந்த 'இறைவா உமக்கே புகழ்' மடல் படைப்பின் காப்பையும் ஏழைகளின் கூக்குரலையும் ஒன்றாக வைத்துப் பேசியபோது, அது அவர்களுக்குப் புதிய பாடமாக இருந்திருக்காது.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எல்லா மறைமாவட்டங்களிலும் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடக்கிறது. வரதட்சணையையும் சாதி பார்த்துப் பெண் எடுப்பதையும் அங்கே ஒரு முழு அமர்வாக, பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசலாம். மணமக்களின் ஓலையைக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் பங்கு, அந்தத் திருமணத்தில் என்ன கைமாறியது என்று ஒருமுறையாவது கேட்கலாம். உறுதிப்பூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குச் செபங்களை மனப்பாடம் செய்விப்பதோடு, வேலைக்குப் போனதும் சந்திக்கப்போகும் முதல் லஞ்சத்தைப் பற்றி, அரசு ஊழியராக இருக்கும் ஒரு பொதுநிலையினரைக் கொண்டே பாடம் நடத்தலாம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நாம் வாசிக்கும் ஆன்ம ஆய்வுப் பட்டியலில் வேலைக்காரரின் கூலி, கடைத் தராசு, வரிக் கணக்கு, தெருவில் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடும் முறை ஆகியவற்றைச் சேர்க்க எந்த ஆயரின் அனுமதியும் தேவையில்லை. அன்பியங்களைத் தெருவைத் தாண்டி, சாதி கலந்து அமைப்பதற்குத்தான் துணிச்சலுள்ள பங்குத்தந்தை வேண்டும். அவரோடு நிற்க நாலு குடும்பங்களும் வேண்டும்.